முப்பத்தைந்து குறைவு

இரண்டு கட்டைவிரலும் ஒரே நொடியில் விழவேண்டும். கண் இமைக்கும் நேரம் முன்பின் ஆனாலும் மாப்பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார்.

தராசுக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சில், அவர் தொடைக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். இடது பக்கம் அவருடையது. வலது பக்கம் அவர் மனைவியுடையது. இரண்டிலும் டாக்சி ஆப் திறந்திருந்தது. இரண்டிலும் ‘வீடு’ என்ற பொத்தான் விரலுக்காகக் காத்திருந்தது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!”

இடது பக்கம் நூற்று எண்பத்தாறு ரூபாய். வலது பக்கம் நூற்று ஐம்பத்தொன்று.

“பார்த்தியா? பார்த்தியா? திருட்டுப் பசங்க!” என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார்.

“நேத்தும் இதேதான் சொன்னீங்க ஐயா.”

“நேத்தும் இதேதான் காட்டுச்சு!”

“அப்ப நாளைக்கும் இதேதான் காட்டும். வெயில்ல எதுக்கு வர்றீங்க? வீட்டுல படுத்துத் தூங்கலாம்ல?”

இவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தராசுக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். இது இருநூற்றுப் பன்னிரண்டாவது சோதனை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். அவர் தலை தெரு முனையில் தெரிந்தாலே வியாபாரிகள் எல்லோரும் திடீரென்று யோக்கியர்களாகிவிடுவார்கள். அவருக்குக் கீழே வேலைக்கு வந்தவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான். “எடைக்கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி வெறும் தட்டைப் பாரு. பார்த்தா மட்டும் போதாது, தட்டைத் திருப்பி அடியிலயும் பாரு.” அப்படித் திருப்பிப் பார்த்து, அடியில் மெழுகு ஒட்டியிருந்த தட்டுகளை எத்தனையோ பிடித்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷர். என்ன செய்வது, யானைக்கும் அடி சறுக்கும்.

அவர் மனைவி போய் மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் பதினான்கு மாதம், செவ்வாயும் வெள்ளியும், இதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ்.

முதல் நாள் இவரும் கூடப் போனார். நர்ஸ் ஊசியை எடுத்ததுதான் தெரியும். தொபுக்கென்று விழுந்துவிட்டார். படுக்கையில் இருந்த நோயாளி எழுந்து வந்து துணைக்கு வந்தவருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. “நீங்க இனிமே வராதீங்க, எனக்கு ஒரு வியாதி போதும்” என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். இவரும் சரி என்றார். கொஞ்சம் சந்தோஷமாகவே சரி என்றார். அன்று திரும்பி வந்த காரை இவர் போனில்தான் புக் செய்தார்கள், நூற்று எண்பத்தாறு. ஒரு வாரம் அதையே புலம்பினார். “வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா மாசத்துக்கு எவ்வளவு ஆகுது தெரியுமா? குடும்பம் தாங்குமா?” என்று சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, விளக்கை அணைத்த பிறகும்கூட.

அதற்கப்புறம் அவள் தனியாகத்தான் போய் வந்தாள். அவள் வரும் நேரம் தெரிந்து இவர் வாசலில் வந்து நிற்பார்.

“எவ்வளவு ஆச்சு?”

“நூத்தி அம்பத்தொண்ணு.”

“அது எப்படி உனக்கு மட்டும் கம்மியாக் காட்டுது?”

“மூஞ்சியைப் பார்த்துப் போடுறாங்களோ என்னவோ.”

முகமெல்லாம் அவளுக்கு வேர்த்து வழியும். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்வாள். “ஏசி கார்ல வந்தவளுக்கு இப்படியா வேர்க்கும்?” என்று கேட்பார். “ஏசியும் உங்களை மாதிரிதான், ஊருக்கெல்லாம் குளிரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.

வீடு மேட்டில் இருக்கிறது. பஸ் கீழ்ச்சாலையோடு போய்விடும். அங்கிருந்து அறுபத்தெட்டுப் படி ஏறினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர்கள் தெரு. காரில் வந்தால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு மேலேயே வந்துவிடலாம். தராசுக்காரர் ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் கழித்தவர். ஆனால் இந்த மூன்று மாதமாக அந்தப் படிக்கட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டது. நாற்பதாவது படியில், சுவர் திரும்பும் இடத்தில், யாரோ ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தினமும் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். ‘எந்தப் புண்ணியவான் வெச்சானோ, நல்லா இருக்கணும்’ என்று வாழ்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

*

மாப்பிள்ளை மகளோடு வெளியூரில் இருந்தார். அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அன்று சாயங்காலம் போனில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வெற்றியைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“மாமா, உங்க போன்ல சார்ஜ் எவ்வளவு இருந்துச்சு? அத்தை போன்ல எவ்வளவு?”

“இதுல நாப்பது. அதுல தொண்ணூறு.”

“சார்ஜ் கம்மியா இருந்தா ரேட்டை ஏத்துறாங்கன்னு சில பேர் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தாலும் சோதனைன்னா ரெண்டும் சமமா இருக்கணும்.”

மனைவியின் போனில் சார்ஜைக் குறைப்பதற்காகத் தராசுக்காரர் அதன் டார்ச் லைட்டைப் பட்டப்பகலில் எரியவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார். சட்டைப் பைக்குள் ஐயா எதையோ கொளுத்தி வைத்திருக்கிறார் என்று கண்டக்டர் பயந்துபோனார். இரண்டும் நாற்பதுக்கு வந்தது. வித்தியாசம் மட்டும் மாறவில்லை. முப்பத்தைந்து குறைவு.

“போன் மாடல் வேற வேற, அதனாலயோ என்னவோ” என்றார் மாப்பிள்ளை.

உடனே கடைக்குப் போய் மனைவியுடைய போன் மாதிரியே பழைய போன் ஒன்றை, நாற்பது தடவை டாக்சியில் போகலாம் என்கிற விலை கொடுத்து வாங்கினார். பஸ்ஸில் போகிறவர்! தன் கணக்கைத் திறந்து பார்த்தால் அதிலும் முப்பத்தைந்துதான்.

“ரெண்டு போன்லயும் போற இடம் ஒண்ணுதானே மாமா?”

தராசுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “வீடுன்னா வீடுதான் மாப்பிள்ளை! எனக்கென்ன ரெண்டு வீடா இருக்கு?”

“கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போட்டுப் பாருங்களேன்.”

போட்டுப் பார்த்தார். இரண்டிலும் இருநூற்று நான்கு. மறுபடி பார்த்தார். இருநூற்று நான்கு. தபால் ஆபீசுக்குப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்.

“என்னாச்சு மாமா?”

“நாம சோதனை பண்றது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்ல பிள்ளை மாதிரி நடிக்கிறாங்க. இன்ஸ்பெக்டர் வந்தா கடைக்காரன் நல்ல கல்லை எடுத்து வைக்கிற மாதிரி.”

“மாமா, உங்களுக்குச் சாதகமா வர்றதை எழுதிக்கிறீங்க, வராததை அடிச்சிடுறீங்க. இது சோதனையே இல்ல.”

போன் மகள் கைக்கு மாறியது. அவள் குரல் கம்மியிருந்தது.

“அப்பா, போதும்ப்பா. அம்மா போனதைவிட இந்த முப்பத்தஞ்சு உங்களுக்குப் பெரிசாப் போச்சா?”

“சரிம்மா, அடுப்புல பால் இருக்கு” என்று போனை வைத்துவிட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக அந்த அடுப்பில் வெந்நீரைத் தவிர வேறு எதுவும் சரியாக வந்ததில்லை.

மகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “உடனே வாங்க.” ஆப்பைத் திறந்தார். முந்நூற்றுத் தொண்ணூறு. பகல் கொள்ளை என்று வாய்விட்டே சொன்னார். ஐந்து நிமிஷம் பொறுத்தால் இறங்கும் என்று வாசலில் நின்றார். நானூற்றுப் பத்து ஆனது. இன்னும் ஐந்து நிமிஷம் நின்றார். இறங்கவில்லை. படியிறங்கிப் போய்ப் பஸ் பிடித்தார். போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

“பத்து நிமிஷம்தான் ஆச்சு. வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றாள் நர்ஸ்.

“கார் கிடைக்கலம்மா” என்று மகளிடம் சொன்னார். முழுப் பொய். கார் இருந்தது. விலைதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ராத்தூக்கம் இல்லை. அந்த விலை பொய் விலையாக இருக்கவேண்டும். அவரைக் குறிவைத்து, அவர் போனுக்கென்றே ஏற்றிய விலையாக இருக்கவேண்டும். அப்படியானால் குற்றம் கம்பெனியுடையது. கம்பெனி யோக்கியமாக இருந்துவிட்டால் குற்றம் யாருடையது? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகத்தான் மனுஷருக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் அவள் டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும் அதே நேரத்துக்கு, அதே வாசலில், இரண்டு போனோடு வந்து உட்கார்ந்தார். ஒரு தடவைகூட அவள் போனில் கார் புக் செய்யவில்லை. எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், பஸ்ஸில் போய்விடுவார்.

*

“ரெண்டு போன் எப்படிப் போதும்? சாட்சி வேணாமா?” என்றார் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற சுபாவம் அவருக்கு. “என்னோட வாக்கிங் வர்ற ஆளுங்க ஒன்பது பேர் இருக்காங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். உங்களோட சேர்த்துப் பத்து பேரும் ஒரே நேரத்துல அமுக்கட்டும். கம்பெனி முகமூடி கிழிஞ்சு தொங்கும் பாருங்க.”

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் விசில் ஊதினார். பத்துப் பேரும் தராசுக்காரர் வீட்டு விலாசத்தைப் போட்டு அமுக்கினார்கள். எல்லாருக்கும் நூற்று எண்பத்தாறு.

“பார்த்தீங்களா, பத்துப் பேரையும் ஏமாத்துறான்!” என்றார் தராசுக்காரர்.

இரண்டாவது விசிலுக்கு இருநூற்று நாற்பது. மூன்றாவது விசிலுக்கு முந்நூற்றுப் பத்து.

“ஏறுதுய்யா, ஏறுது!” என்று ஒன்பது பேரும் குதித்தார்கள். ஒரே இடத்தில் பத்துப் பேர் கார் கேட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குதித்த வேகத்தில் தராசுக்காரரையும் சேர்த்து ஏழு பேர் ‘புக்’ பொத்தானை அமுக்கிவிட்டார்கள். பயத்தில் கேன்சல் செய்தார்கள். கேன்சல் ஆனதா என்ற சந்தேகத்தில் மறுபடி புக் செய்தார்கள். கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் வாசலில் நின்று, “நான் அரை மணி நேரமா கார் தேடுறேன், முந்நூறுக்கு மேல காட்டுது! நீங்கதான் ஏத்தி விட்டீங்களா? நல்லா இருப்பீங்களா?” என்று கத்தினார்.

தராசுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. வாசலில் நின்று விலை இறங்கக் காத்திருக்கிறவனின் கஷ்டம் அவருக்குத் தெரியாததா? “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் நடைபாதை விளிம்பில் கால் தடுமாறி விழுந்தார். கணுக்கால் மளுக்கென்றது.

வாட்ச்மேன் எல்லாரையும் விரட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பைத் தடவி, பாண்டேஜைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தராசுக்காரர் போனில் செய்தி வந்தது. அளவுக்கு மீறிய கேன்சல் காரணமாக அவர் கணக்கு ஒரு மாதத்துக்கு முடக்கப்பட்டது.

“இந்தக் காலோட எப்படிப் பஸ் ஏறுவீங்க? அந்த இன்னொரு போன்ல புக் பண்ணுங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

தராசுக்காரர் மனைவியின் போனைக் கையில் எடுத்தார். இருநூற்றுச் சொச்சம் தடவை தொட்ட பொத்தான்தான். ‘வீடு’. கூட்டம் கலைந்ததும் விலை பழையபடி இறங்கியிருந்தது. நூற்று ஐம்பத்தொன்று. புக் செய்தார்.

*

நரைத்த மீசைக்கார டிரைவர் ஒருவர் வந்தார். போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“அம்மா வரலீங்களா?”

“எந்த அம்மா?”

“பேரு அவங்க பேருதானே வந்துச்சு. செவ்வாய், வெள்ளி நான்தாங்க கூட்டிட்டுப் போவேன். அவங்களுக்காகவே இந்தப் பக்கம் வந்து நிப்பேன். ரொம்ப நாளாக் காணோம். நல்லா இருக்காங்களா?”

“நல்லா... நல்லா இருக்கா” என்றார் தராசுக்காரர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளைப் பற்றி ஒருவர் நிகழ்காலத்தில் கேட்டார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

கார் கிளம்பியது. டிரைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தங்கமானவங்க. எப்பவும் வீட்டுக்காரரைப் பத்தித்தான் பேச்சு. ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தாராமே? அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா பதினாலு மாசத்துல அந்த மனுஷனை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. நீங்க அம்மாவுக்கு அண்ணனா?”

நான்தான் அந்த மனுஷன் என்று சொல்ல வாய் வரவேண்டுமே. தராசுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிவைத்தார்.

கார் பாலத்துப் பக்கம் திரும்பவில்லை. கீழ்ச்சாலையிலேயே போய், அறுபத்தெட்டுப் படிக்கட்டின் அடியில் நின்றது.

“வீடு வந்துருச்சுங்க.”

“இங்கயா? வீடு மேல இருக்குல்ல!”

“இந்த போன்ல வீடுன்னு இருக்கிறது இந்த இடம்தாங்க.”

தராசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணுக்கால் வலி பறந்துவிட்டது. முப்பத்தோரு வருஷ உத்தியோகம் அவர் முகத்துக்கு ஒரே நொடியில் திரும்பி வந்தது. அகப்பட்டான்! நோட்டை உருவினார், பேனாவைத் திறந்தார்.

“அப்படியா சங்கதி! பாதி வழியில இறக்கி விட்டுட்டு வீடுன்னு கணக்குக் காட்டுறான். அதான் முப்பத்தஞ்சு குறையுது! ஒரு நோயாளியை, அறுபத்தெட்டுப் படிக்குக் கீழே! இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்? நீங்க சாட்சி சொல்வீங்களா? பயப்படாம சொல்லுங்க, இந்த இடத்தை வீடுன்னு மாத்தின அயோக்கியன் யாரு?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, பின் கதவைத் திறந்து, சுளுக்கிய காலைத் தாங்கி அவரைக் கீழே இறக்கிவிட்டார். அண்ணன்காரரின் கோபம் அவருக்கு நியாயமாகத்தான் பட்டது.

“நான்தாங்க மாத்திக் குடுத்தேன், நடுவுல உட்கார பெயிண்ட் டின்னு கவுத்து வெச்சதும் நான்தான், வீட்டுக்காரர் வாசல்லயே நின்னு எவ்வளவு ஆச்சுன்னு கேப்பாராம், கூடச் சொன்னா அவர் முகம் வாடிப்போயிடும், நான் ஏறிக்கிறேன்ப்பான்னு அம்மாதான் சொன்னாங்க, நீங்க தயவுபண்ணி அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”